துணைப்பாத்திரம் ஏறாமல் நின்றால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியறையில் கூடி, நாங்கள் ஐந்து பேர் மேசைப் பாத்திர விளையாட்டு ஆடி வருகிறோம். ஆளுக்கொரு கதைப்பாத்திரமாகப் பேசி, அது செய்ய நினைப்பது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் என்னுடையது. அந்தப் பொறுப்பை ‘நடத்துநர்’ என்று எழுதினால் ஏற்காடு பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர்தான் கண்முன் வந்து நிற்பார் என்பதால், எல்லாரும் சொல்வதுபோல ஜி.எம். (கேம் மாஸ்டர்) என்றே எழுதுகிறேன். எங்கள் கதை 1820களின் சேர்வராயன் மலையில் நடக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலையில் காப்பியைப் புகுத்திய காலம் அது. இன்று நாம் ஏறிச் செல்லும் 20 கொண்டையூசி வளைவுச் சாலை அன்று கிடையாது. ஆகவே கதையில் மலையேற வேண்டியவர் காலால் நடக்க வேண்டும், முடியாதவரை டோலியில் தூக்க வேண்டும். குழுவில் ஒரு வேட்டைக்காரர், ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு துபாஷி (மொழிபெயர்ப்பாளர்), ஒரு மருத்துவச்சி என நான்கு பாத்திரங்கள் உள்ளன.

ஏழு மாதம் ஆடிய பிறகு ஒருநாள், மருத்துவச்சியை ஆடும் தம்பி தன் பாத்திர ஏட்டை, அதாவது பாத்திரத்தின் திறன்களையும் வளர்ச்சியையும் குறித்துவைக்கும் தாளை, என் பக்கம் நகர்த்தினார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. எதையும் எடை போட்டுப் பேசுபவர். “அண்ணா, அவரு ஏட்டுல அழிச்சு அழிச்சு எழுதிப் பேப்பரே ஓட்டையாயிருச்சு. என்னுது வாங்குன மாதிரியே புதுசா இருக்குதுங்கண்ணா” என்றார். வேட்டைக்காரரின் ஏட்டை எடுத்துப் பார்த்தேன். திறன்களுக்கு எதிரே இருந்த கட்டங்கள் ரப்பர் தேய்த்துத் தேய்த்துச் சாம்பல் நிறமாகியிருந்தன. மருத்துவச்சியின் ஏடு வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் ஒரு அமர்வுகூடத் தவறவிட்டவர் அல்லர். குழு உயிரோடு இருந்ததே அவரால்தான்.

துணைப்பாத்திரம் என்று இங்கே நான் குறிப்பது, கதையில் சிறிய இடமுள்ள பாத்திரத்தை அன்று. பிறர் செயல் பலிப்பதற்காகத் தன் முறையைச் செலவிடும் பாத்திரத்தையே குறிக்கிறேன்: காயம் கட்டுபவர், மொழிபெயர்ப்பவர், பாடி ஊக்குவிப்பவர், வழி பார்த்துச் சொல்பவர், சமைப்பவர். இத்தகைய பாத்திரம் வளராமல் நின்றால் பல ஜி.எம்.கள் உடனே செய்வது, அமர்வு முடிவில் நாலு அனுபவப் புள்ளி (பாத்திரம் வளர்வதற்கான புள்ளி) சேர்த்துக் கொடுப்பது. நானும் அதைத்தான் முதலில் செய்தேன். அது ஏன் உதவவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். பிழை பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கிறது. விதிநூல் யார் பெயரில் வரவு வைக்கிறது என்பது ஒன்று. வைக்கப்படும் தடை (பகடை உருட்டி வெல்ல வேண்டிய இடையூறு) யாருடைய பலத்துக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது என்பது மற்றொன்று. எது என்று தெரியாமல் கைவைத்தால், சரியாக இருப்பதும் கெடும்.

முதலில் மூன்று அமர்வுகளுக்குக் கணக்கு எழுதுங்கள்

நினைவை நம்ப வேண்டாம். ஒரு சாதாரண நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு முக்கியப் பகடை உருட்டலுக்கும் எழுதுங்கள்: உருட்டியவர் யார், உதவியவர் யார், அந்தத் தடை அவரவர் திறனுக்கு எவ்வளவு கடினம், முடிவில் யார் ஏட்டில் எது பதிவானது. மூன்று அமர்வு போதும். எங்கள் நோட்டில் மருத்துவச்சியின் பெயர் உதவியவர் பத்தியில் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது; உருட்டியவர் பத்தியில் இரண்டே முறை வந்திருந்தது, அவற்றிலும் ஒன்று ரசம் வைத்ததற்கு. துபாஷியின் நிலை சற்று மேல், ஏனெனில் துரைமாரிடம் பேச வேறு ஆள் இல்லை. இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணக்கு கையில் வந்ததும், கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைப் பாருங்கள்.

உதவி நடக்கிறது, ஏட்டில் குறியே விழவில்லை

இது விதிநூலின் வரவுக்கணக்குப் பிழை. நீங்கள் ஆடும் விளையாட்டில் உதவி என்பது தனி உருட்டலா, அல்லது உருட்டாமலே கொடுக்கும் கூடுதல் பகடையா என்று முதலில் பாருங்கள்.

2017இல் வெளிவந்த ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ விளையாட்டில், உதவுபவர் ஒரு அழுத்தப் புள்ளியை (ஸ்ட்ரெஸ்) தாங்கிக்கொண்டு தோழருக்கு ஒரு பகடை கொடுக்கிறார். உருட்டுபவர் தோழர். நிலைமை மிக ஆபத்தானதாக இருந்தால் அனுபவப் புள்ளியும் உருட்டியவருக்கே போகிறது. செலவு ஒருவருடையது, வரவு மற்றவருடையது. வட்டிக்கடைக்காரர்கூட இதற்கு ஒப்ப மாட்டார். ஆனால் அதே நூலில் ‘குழுச் செயல்’ என்று ஒரு வழி இருக்கிறது. அதில் எல்லாரும் உருட்டி, சிறந்ததை எடுத்துக்கொள்கிறார்கள். தோற்றவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அழுத்தத்தைத் தலைவர் தாங்குகிறார். ஆபத்தான நிலையென்றால் உருட்டிய ஒவ்வொருவரும் அனுபவம் குறித்துக்கொள்கிறார்கள். ஆகவே அந்த விளையாட்டில் இந்த அறிகுறி தென்பட்டால் புது விதி எதுவும் எழுத வேண்டியதில்லை. “நான் உதவுகிறேன்” என்று ஒருவர் சொல்லும்போது, “பக்கத்தில் நின்று கைகொடுக்கிறீர்களா, அல்லது நீங்களும் இறங்குகிறீர்களா?” என்று கேட்டாலே போதும். துணைப்பாத்திரத்தையே குழுச் செயலின் தலைவராக்கினால் இன்னும் நல்லது.

2012இன் ‘டங்ஜன் வேர்ல்டு’ இதற்கு நேர்மாறானது. அதில் உதவுவதும் ஓர் உருட்டல். 6 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் அனுபவப் புள்ளி குறிக்க வேண்டும் என்ற பொதுவிதி அதற்கும் பொருந்தும். அங்கே குறி விழவில்லையென்றால், உதவியை உருட்டாமலே நீங்கள் அனுமதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நல்லெண்ணத்தால் செய்யும் சலுகைதான். ஆனால் அது அந்த ஆட்டக்காரரின் பங்கை எடுத்துவிடுகிறது.

‘கால் ஆஃப் கதுலு’ ஆடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1981 முதல் அதன் வழக்கம், வெற்றியாகப் பயன்படுத்திய திறனுக்கு எதிரே ஒரு டிக் போட்டுவைத்து, பின்னர் நூறு முகப் பகடையை உருட்டி, அது இருக்கும் திறனைவிட அதிகமாக விழுந்தால் திறனைக் கூட்டுவது. முதலுதவி 80 உள்ள மருத்துவர் அமர்வுதோறும் டிக் வாங்குவார். ஆனால் 80க்கு மேல் விழுந்தால்தான் ஏற்றம். அவர் மெதுவாக ஏறுவது பிழையன்று, அந்த விளையாட்டின் இயல்பு. ஒரு திறனில் எத்தனை முறை வென்றாலும் டிக் ஒன்றுதான் என்பதால், அவருக்கு முதலுதவியையே மீண்டும் மீண்டும் கொடுப்பதில் பயனில்லை. நூலகத்தில் தேடவும், எதிரே இருப்பவர் மனதைப் படிக்கவும் வாய்ப்புக் கொடுங்கள்.

குறி விழுகிறது, ஆனால் திறன் ஏறவில்லை

எங்கள் மேசையின் நோய் இதுதான்; ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நாங்கள் ஆடுவது லூக் கிரேன் எழுதி 2002இல் முதலில் வெளிவந்த ‘பர்னிங் வீல்’. அந்த விளையாட்டில் உதவுபவருக்கும் வரவு உண்டு. அதனாலேயே பிழை கண்ணில் படத் தாமதமாயிற்று.

விதியின் சாரம் இது. ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண். அத்தனை பகடை உருட்டுகிறோம். 4, 5, 6 விழுந்தவை வெற்றிகள். ஜி.எம். வைக்கும் தடை எண்ணுக்குக் குறையாமல் வெற்றி வேண்டும். உருட்டிய பகடைகளோடு தடை எண்ணை ஒப்பிட்டு, அந்தச் சோதனை வழக்கமானது, கடினமானது, சவாலானது என்ற மூன்றில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இந்தக் குறிகள் சேர்ந்தால்தான் திறன் ஏறும். தடை எண் பகடைகளின் எண்ணிக்கையை மிஞ்சினால் அது சவாலானது. திறன் 5க்கு வந்துவிட்டால் வழக்கமான சோதனைகள் கணக்கில் சேரா; கடினமானதும் சவாலானதும்தான் வேண்டும். உதவுபவரின் திறன் 4 வரை இருந்தால் ஒரு பகடையும், 5 அல்லது மேலிருந்தால் இரண்டு பகடையும் கொடுக்கலாம். உதவியாகக் கிடைத்த பகடைகளும் முன்னின்றவரின் எண்ணிக்கையில் சேரும். உதவியவரோ அதே தடை எண்ணைத் தன் சொந்தத் திறனோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்கிறார்.

இப்போது எங்கள் நோட்டிலிருந்து ஒரு வரி. காய்ச்சலில் கிடந்த தோட்டத்து மேஸ்திரியை மழையில் அடிவாரத்துக்கு இறக்க வேண்டும். பாதை கண்டுபிடிக்கத் தடை எண் 3. வேட்டைக்காரரின் வழிகாணும் திறன் 4. மூலிகை பறித்தே அந்த ஒற்றையடிப் பாதைகளை அறிந்த மருத்துவச்சி, தன் 5 எண் கொண்ட திறனால் இரண்டு பகடை கொடுத்தார். வேட்டைக்காரர் தனியாக உருட்டியிருந்தால் நான்கு பகடைக்கு எதிரே 3 என்பது கடினமான சோதனை. ஆறு பகடையானதும் அது வழக்கமானதாகிவிட்டது. அவருக்கு வழக்கமான குறிகள் முன்பே நிரம்பியிருந்தன. மருத்துவச்சிக்கும் 5க்கு எதிரே 3 வழக்கமானதே. அந்த உயரத்தில் அது செல்லாது. மேஸ்திரி பிழைத்தார். ஏட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை.

பிழை இப்போது தெளிவாகிறது. திறமைசாலி உதவ உதவ, அவருக்கு எளிதான தடைகளே அவர் பெயரில் சேர்கின்றன. கூடவே முன்னிற்பவரின் கடினத்தையும் அவர் குறைத்துவிடுகிறார். வேட்டைக்காரர் ஏறியதெல்லாம் மருத்துவச்சி பக்கத்தில் இல்லாத வேளைகளில் என்பதையும் நோட்டுதான் காட்டியது. இதே காரணத்தால், உங்கள் மேசையில் முன்னிற்கும் பாத்திரம் திடீரென்று ஏறாமல் நின்றாலும், குறையை அவரிடம் தேடாமல் அவருக்கு எத்தனை பேர் கைகொடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

நீக்கும் வழியாக நான் முதலில் செய்தது தவறு: மருத்துவச்சி உதவும் இடங்களில் தடை எண்ணைச் சத்தமில்லாமல் ஏற்றினேன். இரண்டாவது அமர்விலேயே கணக்குப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். நேற்று 3 எண்ணாக இருந்த பாதை இன்று 5 ஆனால், மலை ஆட்களைப் பார்த்து உயரம் மாறுகிறது என்றாகும். தடை எண் உலகத்தின் உண்மை. அதைத் தொடக் கூடாது. எந்தத் தடை எதிரே வருகிறது என்பதுதான் ஜி.எம். கையில் இருப்பது.

பலித்த வழி, உதவியைத் தொடர்சோதனையாக மாற்றியது. பர்னிங் வீலில் இதற்கு விதியே இருக்கிறது. முதலில் ஒருவர் தன் திறனைத் தனக்குரிய தடைக்கு எதிரே உருட்டுகிறார். தடையை மிஞ்சி வென்றால் அடுத்தவருக்கு ஒரு பகடை கூடுகிறது. சரியாக எட்டினால் மாற்றமில்லை. தோற்றால் அடுத்தவரின் தடை எண் ஒன்று ஏறுகிறது. இரண்டும் தனித்தனிச் சோதனைகள், தனித்தனி வரவுகள்.

இரண்டு வாரம் கழித்து அதேபோல ஒரு மலையிறக்கம் வந்தது. இம்முறை டோலியில் இருந்தவள், எட்டாம் மாதத்திலேயே வலி கண்ட ஒரு தோட்டத் தொழிலாளியின் மனைவி. வழியில் பிரசவம் ஆகாமல் அடிவாரம்வரை வலியைத் தணித்துக்கொண்டு போவது மருத்துவச்சியின் வேலை. தடை எண் 6. வேறு யாருக்கும் அந்தத் திறன் இல்லை, ஆகவே கைகொடுக்க ஆளில்லை. தோற்றால் என்ன ஆகும் என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள், ஆனால் டோலி நடுக்காட்டில் நிற்கும், இருட்டிவிடும். ஐந்து பகடையில் ஆறு வெற்றி வராது என்பதால் தம்பி தன் ஆர்த்தாவில், அதாவது சேர்த்துவைத்த வெகுமதிப் புள்ளிகளில், பெர்சோனா என்ற வகையில் ஒன்றைச் செலவிட்டு ஆறாவது பகடை வாங்கினார். அறம் பொருள் என்று நாம் சொல்லும் அந்தப் பொருள்தான் ஆர்த்தா. அமெரிக்க விளையாட்டொன்றில் அது வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி. ஆர்த்தாவால் வரும் பகடை, சோதனையின் கடினத்தைக் குறைப்பதில்லை.

நான்கு வெற்றிகளே விழுந்தன. பிள்ளை ஒரு பாறையடியில் பிறந்தது. இருட்டில் வேட்டைக்காரரின் தடை எண் 3லிருந்து 4 ஆயிற்று. அவர் தன் நான்கு பகடையை மட்டும் உருட்டினார், தோற்றார், விடியும்வரை எல்லாரும் கரடிக்குப் பயந்து தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த விளையாட்டில் திறன் சோதனைகளுக்கு வெற்றி, தோல்வி எதுவானாலும் வரவு உண்டு. மருத்துவச்சிக்கு ஒரு சவால் குறியும் வேட்டைக்காரருக்கு ஒரு கடினக் குறியும் விழுந்தன. தம்பி முதன்முறையாக ரப்பரைக் கேட்டு வாங்கினார்.

ஓர் எச்சரிக்கை. இதை ஒவ்வொரு காட்சியிலும் செய்தால் ஆட்டம் நத்தையாகும். அமர்வுக்கு ஒன்று போதும். மற்ற இடங்களில் உதவி உதவியாகவே இருக்கட்டும். துபாஷி ஏன் நின்றுவிடவில்லை என்று முன்பு குறித்ததும் இதனால்தான்: அவர் வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை. குழுவில் இன்னொருவருக்கும் அதே திறன் ஒரு படி குறைவாக இருந்தால், துணைப்பாத்திரம் எப்போதும் பின்னால் தள்ளப்படும். பாத்திரங்களை உருவாக்கும் நாளிலேயே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாரும் ஒன்றாகவே லெவல் ஏறுகிறார்கள், ஆனாலும் “நான் வளரவில்லை” என்கிறார்

இது ‘டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசைகளின் குறை. 1974இல் தொடங்கிய அந்த விளையாட்டில் ஒரு காலத்தில் வகுப்புக்கு (பாத்திரத்தின் தொழில்வகைக்கு) ஒரு படிக்கட்டு இருந்தது: 1981 பதிப்பில் இரண்டாம் லெவலுக்குத் திருடருக்கு 1,200, பூசாரிக்கு 1,500, வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500 புள்ளிகள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு. 2014 பதிப்பில் யாராக இருந்தாலும் 300 புள்ளிக்கு இரண்டாம் லெவல், 900க்கு மூன்றாம் லெவல். ஆகவே எண்ணளவில் துணைப்பாத்திரம் பின்தங்க வழியே இல்லை. “எல்லாருக்கும் சமம்தானே” என்று ஜி.எம். சொல்லிவிட்டுப் போனால் குறை அப்படியே இருக்கும். ஏனெனில் அவர் கேட்பது புள்ளியை அன்று, தன் லெவலுக்கு ஏற்ற சோதனையை.

இரண்டு இடங்களைச் சோதியுங்கள். முதலாவது, மருத்துவம் எப்போது நடக்கிறது? 2014 பதிப்பின் ‘ஹீலிங் வேர்டு’ என்ற குணமாக்கும் மந்திரம் நான்கு முகப் பகடை ஒன்றைத்தான் கொடுக்கிறது, ஆனால் முழுச் செயலைச் செலவழிக்காமல் தூரத்திலிருந்தே போடலாம். விழுந்தவர் ஒரு உயிர்ப்புள்ளி பெற்றாலும் எழுந்து சண்டையிடுவார். ஆகவே கெட்டிக்கார ஆட்டக்காரர் தோழர் விழும்வரை காத்திருந்து எழுப்புகிறார், மீண்டும் விழ, மீண்டும் எழுப்புகிறார். முதல் லெவலிலும் ஏழாம் லெவலிலும் அவர் செய்யும் வேலை ஒன்றே. 2024 திருத்தத்தில் ‘ஹீலிங் வேர்டு’ இரண்டு நான்குமுகப் பகடையாகவும், ‘க்யூர் வூண்ட்ஸ்’ என்ற மற்றொரு குணமாக்கும் மந்திரம் ஒன்றிலிருந்து இரண்டு எட்டுமுகப் பகடையாகவும் ஆனதால், விழுவதற்கு முன்பே காப்பாற்றுவதற்குச் சற்றுப் பொருள் வந்திருக்கிறது. பழைய பதிப்பை ஆடுபவர்கள் தடையின் வகையை மாற்றட்டும்: எதிரெதிர் மூலையில் இருவர் ஒரே சுற்றில் விழுவது, உயிர்ப்புள்ளியால் தீராத நச்சு, சண்டையில்லாத ஊரில் பரவும் பேதி. தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் மருத்துவருக்குத் தன் லெவல் தெரியும்.

இரண்டாவது, அவர் செய்த உதவி மேசையில் கண்ணுக்குத் தெரிகிறதா? ‘பிளெஸ்’ மந்திரம் மூன்று பேருக்கு ஒவ்வொரு தாக்குதலிலும் நான்குமுகப் பகடை ஒன்றைக் கூட்டுகிறது. சராசரி 2.5; இருபது முகப் பகடையில் அது எட்டுக்கு ஒரு அடியைத் தவறியதிலிருந்து பட்டதாக மாற்றும் அளவு. ஆனால் அடி விழுந்ததும் மேசை வீரரைத்தான் பார்க்கும். நாங்கள் அந்த விளையாட்டை ஆடிய நாட்களில், தம்பி பட்டறையிலிருந்து கழித்துப்போட்ட கொலுசுச் சலங்கைகளை ஒரு டப்பாவில் கொண்டுவருவார். கூடுதல் பகடை இல்லாவிட்டால் தவறியிருக்கும் அடி ஒவ்வொன்றுக்கும், வீரரே ஒரு சலங்கையை எடுத்துப் பூசாரியின் முன்னால் போட வேண்டும். பித்தளைத் தட்டில் விழும் ‘கிளிங்’ என்ற அந்த ஓசை, தட்டுவடை செட்டை மென்றுகொண்டிருப்பவரையும் தலை நிமிர வைக்கும். சலங்கைக்குப் புள்ளி மதிப்பு எதுவும் கிடையாது, வைக்கவும் கூடாது.

புள்ளி எண்ணாமல், கதையின் முக்கியக் கட்டங்களை எட்டும்போது லெவல் ஏற்றும் மைல்கல் முறையில் ஆடுபவர்கள், மூன்று மைல்கல்லில் ஒன்றாவது துணைப்பாத்திரத்தின் வேலையால் எட்டப்படுவதாக அமைத்துக்கொண்டால் போதும்.

உதவப் போனால் கெடுதலாகிறது

‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பை ஆடுபவர்கள் விதிநூல் எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். 2019 நூலில் உதவுவதற்கான இலக்கு பொதுவாக 20. 2023 மறுவடிவில் 15. முதல் லெவலில், விழுந்த எண்ணோடு 7 கூட்டிக்கொள்ளும் பாத்திரம் 20ஐ எட்ட இருபது முகப் பகடையில் 13 விழ வேண்டும். 3 அல்லது அதற்குக் கீழ் விழுந்தால் படுதோல்வியாகித் தோழருக்கு ஒன்று குறைகிறது. இலக்கு 15 என்றால் 8 விழுந்தால் போதும், 1 விழுந்தால் மட்டுமே படுதோல்வி. பழைய நூலை வைத்திருப்பவர்கள் புதிய எண்ணை எடுத்துக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை.

புள்ளி சேர்த்துக் கொடுத்தும் குறை தீரவில்லை

முன்பே சொன்னேன், நானும் கொடுத்துப் பார்த்தவன். எங்கள் மேசையில் அது இருபுறமும் கசந்தது. வேட்டைக்காரர், தான் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்ததை மற்றவர் உட்கார்ந்து வாங்குவதாக நினைத்தார்; தம்பியோ, “பாவப்பட்டுக் குடுக்கற மாதிரி இருக்குதுங்கண்ணா” என்றார். இரண்டுமே நியாயம்.

இதைவிட ஒழுங்கான முயற்சி பழைய விதிநூலிலேயே இருக்கிறது. 1989இல் வந்த டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு, விரும்பினால் கைக்கொள்ளலாம் என்று தனிநபர் வெகுமதிப் பட்டியல் ஒன்றைத் தந்தது: திருடர் தன் சிறப்புத் திறனை ஒருமுறை வெற்றியாகப் பயன்படுத்தினால் 200 புள்ளி, பூசாரி தன் நெறிக்காக மந்திரம் போட்டால் மந்திர நிலைக்கு 100 புள்ளி. நோக்கம் சரி, செயலில் வருவது வேறு. 200 புள்ளி உண்டென்றால் திருடர் திறந்திருக்கும் கதவைக்கூடப் பூட்டித் திறப்பார். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் எண்ணிக்கைதான் வளரும். பர்னிங் வீல் இதை வேறு விதியால் தடுக்கிறது: நிலைமை மாறாதவரை ஒரு முறை உருட்டியதே முடிவு, மறு உருட்டல் இல்லை. நீங்கள் எந்த விளையாட்டை ஆடினாலும், துணைப்பாத்திரத்துக்குத் தனி வெகுமதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தால், அதை உதவியின் எண்ணிக்கைக்கு வைக்காதீர்கள். அவர் திறனுக்கு மேற்பட்ட ஒரு தடையை அவரே எதிர்கொண்டதற்கு வையுங்கள். தோற்றாலும் கொடுங்கள்.

பணியாள் எசமானை விஞ்சிவிட்டான்

ஜி.எம். ஆடும் துணைவர்கள், கூலிக்கு வந்தவர்கள், வளர்ப்பு நாய் ஆகியோர் விஷயத்தில் குறை தலைகீழாகும்: வளர்ச்சி குறைவதில்லை, மிஞ்சுகிறது. கூலியாள் ஒருவர் அமர்வுதோறும் குழுவோடு வந்து அதே புள்ளியில் பங்கு வாங்கினால், சில மாதத்தில் அவரே சண்டையை முடித்துவிடுவார். ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 2020இல் வந்த டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘டாஷா’ நூல் தரும் துணைவர் விதி இதற்குப் போதுமானது: நிபுணர், மந்திரக்காரர், வீரர் என மூன்றே வகுப்பு, எளிமையான ஏடு, குழுவின் சராசரி லெவலோடு ஏற்றம், புள்ளிக் கணக்கு இல்லை. 1987இல் தொடங்கிய ‘ஆர்ஸ் மேஜிகா’ இன்னும் அழகாகச் செய்கிறது. அதில் காவலாட்களும் வேலையாட்களும் குழு முழுவதற்கும் பொதுச்சொத்து. இன்று ஒருவர் ஆடியதை நாளை மற்றவர் ஆடலாம். எங்கள் டோலி தூக்குபவர்கள் நால்வரையும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். மருத்துவச்சி காட்சியில் இல்லாத வேளைகளில் தம்பிதான் முன்தண்டைப் பிடிப்பவர்.

குறை எதுவும் இல்லை என்று அவரே சொல்கிறார்

நம்புங்கள், ஆனால் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். வாரம் முழுக்கக் கடையில் நின்று களைத்து, இங்கே வந்து யாருக்காவது கைகொடுத்துச் சிரித்துவிட்டுப் போவதே போதும் என்பவர்கள் உண்டு. எங்கள் கணக்குப்பிள்ளை அப்படிப்பட்டவர். அவரைப் பிடித்து முன்னால் தள்ளுவது வன்முறை. ஆனால் கேட்கும்போது மேசை முன்னால் கேட்காதீர்கள், எல்லாரும் “பரவால்லீங்க” என்றுதான் சொல்வார்கள். படியிறங்கும்போது, வண்டியை எடுக்கும்போது கேளுங்கள். தம்பியும் முதல் ஐந்து மாதம் எனக்குப் “பரவால்லீங்கண்ணா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.